மலைக்குச் செல்வோர்

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலையில், கம்பத்தில் ஒரு ஓட்டலின் மாடி அறையில் நாங்கள் பதினாறு டாக்டர்கள் கூடுகிறோம். சங்கம் என்று பெயர். வெளியில் இருப்பவர்கள் நாங்கள் ஏதோ புது மருந்துகளைப் பற்றி விவாதிக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. சொந்தமாக கிளினிக் வைத்திருப்பவர்களுக்குப் பதிவுச் சான்றிதழ் கவலை. அறை இத்தனை அடி, படிக்கட்டு இத்தனை அகலம் என்று எங்கோ உட்கார்ந்து எழுதிய விதியை, மளிகைக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் இருபது வருடமாக ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் எப்படி நிறைவேற்றுவது? என்னைப் போன்ற அரசாங்க டாக்டர்களுக்கு வேறு புலம்பல். செல்போனில் மூஞ்சியைக் காட்டி வருகைப் பதிவு, மாதாந்திர இலக்கு, இடமாறுதல் கலந்தாய்வு. இவற்றோடு, யாரோ ஒரு டாக்டரின் சட்டையைப் பிடித்த கதையும், டாக்டருக்குப் படித்த பிள்ளை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்ற கதையும் மாதம் ஒன்றாவது உண்டு. கடைசியில் ஒரு கண்டனத் தீர்மானம். பரோட்டா ஆறிப் போகிறது என்று சர்வர் வந்து நின்றதும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும்.

எனக்கு இந்தக் கூட்டம் பிடிக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் தீர்மானத்தில் "வன்மையாக" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டுமென்றால் என் பக்கம் திரும்புவார்கள். பதினாறு பேர் சேர்ந்து ஒரே விஷயத்தைத் திட்டும்போது மனது லேசாகிவிடுகிறது. மறுநாள் திங்கட்கிழமை ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நின்றாலும் சிரித்த முகமாக உட்கார முடிகிறது.

நான் வேலை பார்ப்பது கூடலூர்ப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பிறந்தது ஜெயமங்கலம். வாழையும் நெல்லும் உள்ள ஊர். அங்கிருந்து இங்கே அறுபது, எழுபது கிலோமீட்டர்தான். ஒரே மாவட்டம், ஒரே பேச்சு. அந்தத் தைரியத்தில்தான் வந்தேன். வந்த முதல் மாதமே மண்ணைக் கவ்வினேன்.

ஒரு பெண்ணுக்கு ரத்த அழுத்தம் அதிகம். மாத்திரை வாங்க அவர் வரவில்லை. கணவர் வந்திருந்தார். "அவ மலைக்குப் போயிருக்கா" என்றார். அது ஐப்பசி கடைசி. நான் பயபக்தியோடு, எத்தனை நாள் விரதம் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விரதமா, காலையில் தூக்குச்சட்டி நிறையச் சோறு கொண்டுபோயிருக்கிறாளே என்றார். பக்கத்தில் நின்ற கிராம செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

தமிழ்நாடு முழுக்க மலைக்குப் போவதென்றால் மாலை போட்டு, இருமுடி கட்டி ஐயப்பனைப் பார்க்கப் போவது. கூடலூரில் மட்டும் அது கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவது. விடியுமுன் ஜீப் ஏறினால் களை எடுத்து, காய் பறித்து, அட்டைக்கடி வாங்கி, சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்குவார்கள். ஐயப்பனைப் பார்க்கப் போகிற கார்களும் இதே ஊர் வழியாகத்தான் குமுளிக்கு ஏறுகின்றன. ஆனாலும் இந்த ஊர்க்காரர்களுக்குக் குழப்பமே வந்ததில்லை. கோயிலுக்குப் போகிறவர்களை "சாமி பாக்கப் போயிருக்காக" என்பார்கள். சும்மா "மலைக்கு" என்றால் வேலைதான். கொஞ்ச நாளில் நானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், என் சுகாதார நிலையம் ஒன்பது மணிக்குத் திறந்து நாலு மணிக்கு ஓய்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை யாருக்கு வேண்டுமோ அவர்கள் அந்த நேரம் முழுக்க மலையில் இருக்கிறார்கள். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டமும் உண்டு. ஆனால் போகிற வீடெல்லாம் பூட்டு. எங்கள் கிராம செவிலியர் நாணயமானவர், பொய்க் கையெழுத்து வாங்கத் தெரியாதவர். குறிப்புக் கட்டத்தில் "மலைக்குப் போயிருக்கிறார்" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். மாதக் கடைசியில் நான் அதன் கீழே கையெழுத்துப் போடுவேன். ஒரு பக்கத்துக்கு இருபது வரி, இருபதிலும் அதே வாசகம்.

ஒரு நாள் சாயங்காலம் ஜீப் ஒன்று ஸ்டாண்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. நான் ஸ்கூட்டரில் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் நாலு பெண்களின் மடியில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். நாற்பத்தெட்டு வயது. காய் எடுத்துக்கொண்டிருந்தவர் காலை பத்து மணிக்கே விழுந்திருக்கிறார். மயக்கம் என்று நினைத்து நிழலில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்டிலிருந்து ரோட்டுக்கு வந்து சேரவே அத்தனை நேரம். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டுவிட்டன, பேச்சு குழறியது. பிரஷர் இருநூறைத் தாண்டி இருந்தது. முதலுதவி செய்து, ஆம்புலன்ஸில் தேனிக்கு அனுப்பினேன்.

அவர் போன பிறகு பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு மாதம் வரிசையாக "மலைக்குப் போயிருக்கிறார்". நாலுக்கும் கீழே என் கையெழுத்து, பச்சை மையில், அழகாக. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அரசாங்கத்தைத் திட்ட மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறேன், இதைத் திட்ட யாரிடம் போவது?

மறுவாரமே காலை ஐந்து மணிக்கு ஜீப் ஸ்டாண்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நான், கிராம செவிலியர், ஒரு பி.பி. மிஷின், ஒரு பை நிறைய மாத்திரை. முதல் நாள் எட்டுப் பேர் வந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு ஜீப்புகள் கிளம்பிவிடும் என்பதால் பேச்சுக்கே இடமில்லை. சட்டைக்கை மேலே, கை நீட்டு, மாத்திரை, அடுத்த ஆள். ஒரு மாதத்தில் எட்டு நாற்பதானது. ஆனால் ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்கியவள் பத்து மணிக்கு சுகாதார நிலையத்துக்குப் போனால் அந்தச் செல்போன் என்னைத் தாமதம் என்றது. மூன்று மணிக்குத் தலை சுற்றி வீட்டுக்குப் போனால் முன்கூட்டியே சென்றார் என்றது. விடியற்காலையில் என் மூஞ்சியைக் காட்டினால் அதற்கு அடையாளமே தெரியவில்லை.

அந்த மாதத்து ஆய்வுக் கூட்டம் வீடியோவில் நடந்தது. எங்களுக்கு மேலே இருந்த அதிகாரி வேறு மாவட்டத்துக்காரர், புதிதாக வந்தவர், கறாரானவர். எங்கள் பதிவேட்டின் பழைய பக்கங்களைத் திரையில் காட்டினார். "டாக்டர், உங்க ஏரியாவுல ஆடி மாசம்கூட எல்லாரும் மலைக்குப் போறாங்களா? இப்படி ஒரு பக்திய நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். மாவட்டமே சிரித்தது. நான் கொதித்துப் போய் ஜீப், ஏலக்காய், விழுந்த பெண் என்று ஒரு நிமிடம் பொரிந்து தள்ளினேன். பேசி முடித்த பிறகுதான் மருந்தாளுநர் என் தோளைத் தட்டி, மைக் மியூட்டில் இருப்பதைக் காட்டினார். அதற்குள் அதிகாரி அடுத்த வட்டாரத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. பணி நேரத்தைத் தன்னிச்சையாக மாற்றியதற்கு விளக்கம் தரவும், விடியற்காலைப் பணியை உடனே நிறுத்தவும். நிறுத்தாவிட்டால் இடமாறுதல் என்று எழுதவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்தது. எனக்கு இடமாறுதல் பயமில்லை, தேனிப் பக்கம் போட்டால் அம்மா வீட்டுக்குக் கிட்டம் என்றுகூட ஒரு காலத்தில் ஆசைப்பட்டவள்தான். நான் போய்விட்டால் இந்த நாற்பது பேரும் மறுபடி இருபது வரிப் பக்கத்துக்குள் போய்விடுவார்கள். பயம் அதற்குத்தான்.

நான்கு பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினேன். அதில் கோபம் மூன்றரைப் பக்கம். இரண்டாவது ஞாயிறு அதைச் சங்கத்தில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் கம்பத்துக் குழந்தை மருத்துவர் என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். சங்கத்தின் கடிதங்களெல்லாம் அவர் கைவண்ணம்தான். "நாலு பக்கம் எழுதுனா எவன்மா படிப்பான்? சொல்றத ஒரே வரியில சொல்லு" என்று சொல்லி, பரோட்டாத் தட்டை நகர்த்திவிட்டு அவரே எழுதினார்.

மலைக்குச் செல்வோர் அதிகாலையிலேயே புறப்பட்டுவிடுவதால், அவர்கள் புறப்படும் இடத்திலேயே காலை ஐந்து மணி முதல் மருத்துவ முகாம் நடத்த அனுமதி வேண்டுகிறேன்.

கச்சிதம் என்றார்கள். பதினாறு பேரும் கைமாற்றிப் படித்தோம். ஒருவர் சந்திப்பிழை திருத்தினார், ஒருவர் "பணிவுடன்" சேர்த்தார். பதினாறு பேருமே இந்தப் பள்ளத்தாக்கில் ஊறியவர்கள். வீடியோவில் அவமானப்பட்டு வந்த எனக்குக்கூட அந்த வரியில் எதுவும் தட்டுப்படவில்லை. அதை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்தே நாளில் ஆணை வந்தது. எங்கள் அனுபவத்தில் அரசாங்கக் காகிதம் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. "மலைக்குச் செல்வோருக்கான அதிகாலைச் சிறப்பு மருத்துவ முகாம்" என்று தலைப்பு. மெமோ ரத்து. விடியற்காலை வேலை முகாம் பணியாகக் கணக்கில் சேரும். சந்தோஷத்தில் செவிலியரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை என்று தேதி போட்டிருந்ததைப் படித்தேன், உறைக்கவில்லை. சோதனைக்காக இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆணையோடு சேர்ந்த பெட்டி வந்தது. திறந்தால், கால்வலித் தைலம், பாத வெடிப்புக் களிம்பு, சுளுக்குக்கு அடிக்கும் ஸ்ப்ரே. அடியில் ஒரு பேனர், "பக்தர்களை வரவேற்கிறோம்" என்று. செவிலியர் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, "மேடம், ஐயப்பனே கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் ஓ.பி.யில் இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்ததும் எனக்குப் பயம் வந்தது. சொல்லிவிடுவதா, வேண்டாமா? சங்கத்தில் கேட்டேன். பாதிப்பேர் வாயை மூடு என்றார்கள். குழந்தை மருத்துவர் மட்டும், தான் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, படித்தவன் தப்பாகப் படித்தால் தான் என்ன செய்வது என்று கோபித்துக்கொண்டார். அந்த மாதம் கண்டனத் தீர்மானம் ஏதும் போடவில்லை. நானும் தைரியம் இல்லாமல் பேசாமல் இருந்துவிட்டேன். பேனரை மட்டும் கட்டவில்லை.

ஆனால் வேறு பேனர்கள் வந்தன. விடியற்காலையில் டாக்டர் உட்காருகிறார் என்றதும், இது தன் முயற்சி என்று ஒரு கட்சிக்காரர் படம் போட்டார். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் இன்னும் பெரிய படத்தோடு வந்தார். ஸ்டாண்டின் நுழைவில் இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். இதற்கு நான் என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது ஜீப் டிரைவர்களே தீர்த்துவைத்தார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டையும் அவிழ்த்து, மழைக்கு ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டார்கள். ஒரு மாதம் வரை இரண்டு தலைவர்களும் தினம் மலைக்குப் போய்வந்தார்கள்.

அந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். நாலரை மணிக் குளிரில் ஸ்கூட்டர் ஓட்டுவது, ஸ்டாண்டு டீக்கடையில் முதல் டீ, ரப்பர் பூட்ஸும் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் வந்து "மொதல்ல எனக்கு, என் வண்டி நிக்கிது" என்று சண்டை போடுவது எல்லாம் பிடித்திருந்தது. ஐயப்பன் களிம்பு அட்டைக்கடித் தழும்புக்கு நன்றாகக் கேட்கிறது என்று அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். நிஜமான சாமிகளும் டீ குடிக்க இறங்கினால் கொப்புளத்தைக் காட்டி மருந்து போட்டுக்கொண்டு போனார்கள். ஆணையில் உள்ள வேலையையும் செய்த மாதிரி ஆயிற்று. மாவட்டத்தின் மாதாந்திர இலக்குப் பட்டியலில் எங்கள் நிலையத்துக்கு நேரே சிவப்பாக இருந்த கட்டம் மஞ்சளாகி, பச்சையானது.

பொங்கல் முடிந்த வாரம் அதிகாரியே போனில் கூப்பிட்டார். ஆணை முடிய மூன்று நாள் இருந்தது. முதலில் பாராட்டினார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். உங்கள் முகாமில் ஒரே பக்தர் எட்டு வாரமும் வந்து மாத்திரை வாங்கியிருக்கிறார், அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள், இது எப்படி?

இனி மறைத்தால் அது பொய். மூன்று நாளில் எப்படியும் முடியப் போகிற விஷயம், சொல்லிவிட்டே முடிப்போம் என்று தோன்றியது.

"சார், அவங்க பக்தர்கள் இல்ல. ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போறவங்க. இந்த ஊர்ல மலைக்குப் போறதுன்னா அதுதான்" என்றேன். விழுந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். நாலு மாதம் நான் போட்ட கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன்.

அடுத்த மெமோவுக்கு மனதைத் தயார் செய்துகொண்டேன்.

"அன்னைக்கு மீட்டிங்லயே இதச் சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"சொன்னேன் சார். மியூட்ல இருந்தேன்."

அவர் சிரித்தார். கறாரான மனிதர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு தன் அலுவலகத்தில் யாரிடமோ ஆணையை எடுத்துவரச் சொல்லி, போனிலேயே ஒருமுறை தலைப்பை வாசித்தார்.

"மலைக்குச் செல்வோர்னுதானே போட்டிருக்கு? அவங்களும் மலைக்குத்தானே போறாங்க? அது அப்படியே இருக்கட்டும். தேதிய மட்டும் எடுத்துடறேன்" என்றார்.

மூன்றாம் நாள் திருத்திய ஆணை வந்தது. "மறு உத்தரவு வரும் வரை" என்று இருந்தது. அரசாங்கத்தில் அதற்கு அர்த்தம், நம் காலம் வரை. அதிகாரிகளைப் பற்றி நான் பேசிய பல பேச்சுகளை அன்று மனதுக்குள் வாபஸ் வாங்கினேன். எல்லாவற்றையும் அல்ல. செல்போன் இன்னும் இருட்டில் என்னை அடையாளம் காண்பதில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை, ஐந்தரை மணி இருக்கும், ஒரு பெண் வலது காலை இழுத்து இழுத்து ஸ்டாண்டுக்குள் வந்தார். அன்றைக்கு ஜீப்பில் படுத்தபடி வந்தவர். பேச்சு ஓரளவு தெளிந்திருந்தது. வலது கை மடங்கியபடி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. பின்னால் இருபத்தைந்து வயதில் அவர் மகள், புது ரப்பர் பூட்ஸ், கையில் தூக்குச்சட்டி.

"என் வண்டியில என் எடத்துக்கு இனிமே இவதான் போறா டாக்டரம்மா. ஏறுமுன்ன இவளுக்கு ஒருக்கா பாத்துருங்க" என்றார்.

மகளுக்குக் கூச்சம். தனக்கு ஒன்றுமில்லை, வண்டி கிளம்பிவிடும் என்றாள். நான் பட்டையைச் சுற்றினேன். நூற்றிருபதுக்கு எண்பது. சொன்னேன். அம்மா நம்பவில்லை, இன்னொருமுறை பார்க்கச் சொன்னார். இன்னொருமுறை பார்த்தேன், அதேதான். சரி போ ஆத்தா என்றார். அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஜீப் குமுளி ரோட்டில் திரும்பி மறைகிற வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மனது நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பிறகு அவருக்கு ஒரு மாத மாத்திரையை எண்ணி உறையில் போட்டு நீட்டினேன். அவர் இடது கையை நீட்டியவர் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். வலது கையைத் தூக்கப் பார்த்தார், அது வரவில்லை. மறுபடி இடது கையையே நீட்டினார்.

"எடது கையில வாங்குறேன், தப்பா நெனைக்காதீக."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடுத்தேன்.